வன்னியில் நிலமட்ட மின்புலம் ஆண்டுக்காண்டு மாறுகிறதா? காரணத்தைப் பிரித்தறியும் முழு வழிகாட்டி

நல்ல வானிலையில், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்திலுள்ள காற்றின் மின்னழுத்தம் நிலத்தைவிட ஏறத்தாழ 100 வோல்ற்று கூடுதலாக இருக்கும். இதைத்தான் அழுத்தப் படித்திறன் என்கிறோம். இந்த வழிகாட்டியில் மின்புலம் என்று பொதுவாகச் சொல்வதும் இதையே. அலகு மீற்றருக்கு வோல்ற்று, சுருக்கமாக வோ/மீ. பத்து ஆண்டு அளந்தபின் ஆண்டுச் சராசரி 100 இலிருந்து 80க்கு இறங்கியிருந்தால், உலக மின்சுற்றே தளர்கிறது, அண்டக் கதிர் கூடிவிட்டது என்றெல்லாம் மனம் தாவும். ஆனால் வன்னியில் முதலில் பார்க்கவேண்டியது வேலியோரத்து வேம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைத்தான். அடுத்தது காவலி (அளக்கும் கம்பியை மின் கசியாமல் தாங்கும் பகுதி), அதற்கடுத்தது புகை, பிறகு மண். வானத்தின் முறை கடைசியில் வரும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

எண்ணைத் தீர்மானிப்பவை

உலகெங்கும் உள்ள இடிமுகில்களும் மின்னேறிய மழைமுகில்களும் சேர்ந்து, மேல்வளிமண்டலத்தின் கடத்தும் அடுக்கை நிலத்தைவிட ஏறத்தாழ 250,000 வோல்ற்று உயர்த்தி வைத்திருக்கின்றன. இந்த விளக்கத்தை 1920களில் முன்வைத்தவர் சி. ரி. ஆர். வில்சன். முகிலற்ற பகுதிகளூடாக அந்த அடுக்கிலிருந்து நிலத்துக்குச் சதுர மீற்றருக்கு 2 பிக்கோஅம்பியர் அளவில் ஒரு சிற்றோட்டம் எப்போதும் இறங்குகிறது. இதுவே உலக மின்சுற்று. அந்த ஓட்டத்தைக் காற்றின் கடத்துதிறனால் வகுத்தால் வருவது அழுத்தப் படித்திறன். கடத்துதிறன் மீற்றருக்கு 2 × 10⁻¹⁴ சீமென் என்றால் விடை 100 வோ/மீ. இதில் ஓட்டம் உலகம் முழுவதற்கும் பொது. கடத்துதிறன் அந்தந்த ஊரைப் பொறுத்தது.

காற்றைக் கடத்தச் செய்பவை சிற்றயன்கள், அதாவது மின்னேறிய மூலக்கூற்றுச் சிறுகூட்டங்கள். தரையோரக் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 10 அயன் சோடிகள் பிறக்கின்றன. இதில் அண்டக் கதிரின் பங்கு 2 அளவுதான். மீதியைத் தருபவை மண்ணின் காமாக் கதிரும் மண்ணிலிருந்து கசியும் றேடன் என்ற கதிரியக்க வாயுவும். பிறந்த அயன் எதிரயனோடு சேர்ந்து அழியும், இல்லாவிட்டால் புகை, தூசுத் துணிக்கைகளில் ஒட்டி அசைவிழக்கும். முதலாவதன் குணகம் 1.6 × 10⁻⁶. இரண்டாவது துணிக்கையின் பருமனைப் பொறுத்தது. 1.5 × 10⁻⁶ என்று வைத்துக் கணக்கிடலாம். இரண்டுக்கும் அலகு வினாடிக்குக் கன சென்ரிமீற்றர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்ரிமீற்றரில் 5,000 துணிக்கைகள் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 1,080 அயன் தங்கும், அழுத்தப் படித்திறன் 44 வோ/மீ வரும். 10,000 துணிக்கைக்கு 625 அயன், 77 வோ/மீ. 20,000 துணிக்கைக்கு 330 அயன், 147 வோ/மீ. ஆக, புகை இரட்டித்தாலே மின்புலமும் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. இன்னொரு பக்கம், துணிக்கை 10,000 ஆக இருக்கும்போது அயன் பிறப்பு 10 இலிருந்து 12 ஆகக் கூடினால் 77 என்பது 65 ஆகும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காரணங்களைத் தரம்பிரிக்கும்போது தேவைப்படும்.

படி 1: இடம்

சுற்றியுள்ள எந்தப் பொருளும், அதன் உயரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்தில் இருக்கவேண்டும். ஐந்து மடங்கு என்றால் நிம்மதி. 25 மீற்றர்ப் பனைக்கு 125 மீற்றர். இன்றைய உயரத்தைக் கணக்கெடுத்தால் போதாது. வடலி, தேக்கு, வேம்பு எதுவானாலும் பத்தாண்டில் எட்டக்கூடிய உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வீட்டுத்திட்டக் காணிகளில் எல்லைக்கு நட்ட தேக்குக் கன்று இன்று இடுப்பளவு நிற்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

யானை வேலியிலிருந்து 100 மீற்றராவது தள்ளுங்கள். அதன் கம்பியில் ஏறத்தாழ வினாடிக்கொருமுறை பல ஆயிரம் வோல்ற்று துடிக்கும். கிரவல் வீதியோரம் கூடாது. ஒரு டிப்பர் போனால் எழும் தூசு மின்னேறியது, பல நிமிடங்கள் அளவீட்டைக் குழப்பும். பொலித்தீன் விரித்துப் பயிரிடும் மிளகாய்த் தோட்டமும் பக்கத்தில் வேண்டாம். காய்ந்த காற்றில் பொலித்தீன் தானாகவே மின்னேறும். கருவித் தூணுக்குப் பீ.வீ.சீ. குழாய் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நாக முலாமிட்ட இரும்புக் குழாயை நிலத்தொடுப்புச் செய்து பயன்படுத்துங்கள்.

படி 2: கருவிகள்

முதன்மைக் கருவி பீல்ட் மில். நிலத்தொடுப்பிட்ட இறக்கைத் தகடு ஒன்று சுழன்று, அல்லது முன்னும் பின்னும் அசைந்து, கீழுள்ள உணர்தகடுகளை மூடி மூடித் திறக்கும். அப்போது எழும் ஆடலோட்டத்தின் அளவு மின்புலத்தின் வலிமையைச் சொல்லும், அதன் அவத்தை குறியைச் சொல்லும். போல்டெக் ஈஎஃப்எம்-100, காம்பல் சிஎஸ்110 போன்றவை ஆயத்தமாகக் கிடைக்கின்றன. எதுவானாலும் 2 முதல் 3 மீற்றர் தூணில், முகம் கீழ்நோக்கிப் பூட்டுங்கள். மழையும் பறவை எச்சமும் தகட்டில் விழாது. தூணில் ஏற்றியதால் மின்புலம் அங்கே செறிந்து அளவு பெருகிக் காட்டும். அதைப் படி 4 திருத்தும்.

சுழல் தண்டை நிலத்தோடு தொடுக்கும் தூரிகை உள்ள வகையாக இருந்தால், இந்தக் கருவியின் சாபமே அந்தத் தூரிகைதான். தேயத் தேய இரைச்சல் கூடும், பூச்சியம் நகரும். கிழமைக்கொருமுறை, கழுவிக் காயவைத்த அலுமினியச் சட்டி ஒன்றை நிலத்தொடுப்புக் கம்பியோடு இணைத்து, மில்லின் முகத்தை முழுதாக மூடி இரண்டு நிமிடம் பிடியுங்கள். அளவு 0 ± 2 வோ/மீக்குள் நிற்கவேண்டும். ஐந்துக்கு மேல் போனால் தகட்டைக் காய்ச்சி வடித்த நீராலும் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தாலும் துடைத்து, தூரிகையையும் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புப் படிவதால் இருமடங்கு கவனம் வேண்டும். குளவி மண்கூடு கட்ட மில்லின் உட்புறத்தைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. சட்டி வைக்கப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பாருங்கள்.

இரண்டாவது கருவி மலிவானது, ஆனால் உண்மையான அளவுகோல் அதுதான்: இழுகம்பி. 1 மிமீ விட்டமுள்ள துருவேறாத உருக்குக் கம்பி 20 மீற்றர், நிலத்திலிருந்து சரியாக 1 மீற்றர் உயரத்தில், தொய்வு 5 செமீக்கு மேற்படாமல் இழுத்துக் கட்டவேண்டும். இரு முனையிலும் 10 செமீ ரெஃப்லோன் கோல் காவலி. கம்பியின் அழுத்தத்தை எலக்ட்ரோமீட்டரால் (உள்தடை மிகமிக உயர்ந்த வோல்ற்றுமானி) எடுத்தால் அதுவே நேரடியாக வோ/மீ. கம்பி காற்றின் அழுத்தத்தை எட்டக் கால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே வேகமான மாற்றங்களுக்கு இது உதவாது.

கம்பியின் கீழ்ப் புல்லை மறக்கவேண்டாம். மாரியில் 30 செமீ அடர்ந்து நிற்கும் ஈரப்புல் தானே நிலமாகிவிடும். உங்கள் 1 மீற்றர் அப்போது 70 செமீக்கு அருகில் வந்துவிடும். செதுக்கியே வையுங்கள்.

படி 3: காவலிச் சோதனை

இங்கேதான் அதிகமான தரவுகள் பாழாகின்றன. மேலே சொன்ன கம்பியின் கொள்ளளவம் ஏறத்தாழ 134 பிக்கோபரட்டு. காற்றின் கடத்துதிறன் 10⁻¹⁴ என்ற அளவிலிருந்தால், கம்பிக்கும் காற்றுக்கும் இடையிலான தடை 6.6 × 10¹² ஓம் வரும். காவலியின் தடை 10¹⁴ ஓம் என்றால் 6 வீதம் குறைத்துக் காட்டும். 10¹³க்கு இறங்கினால் 40 வீதம். வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு காவலியும் ஒரே வெள்ளைதான்.

சோதிக்கும் விதம்: கம்பியைக் கழற்றிவிடுங்கள். காவலிக்குக் குறுக்கே 100 பிக்கோபரட்டுப் பொலிஸ்ரைரீன் கொள்ளளவியை இணையுங்கள். பத்து 9 வோல்ற்று மின்கலங்களைத் தொடராக்கி 90 வோல்ற்று ஏற்றி, இணைப்பை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். எலக்ட்ரோமீட்டர் 85 வோல்ற்றுக் காட்டினால் காவலி 10¹⁴ ஓமில் இருக்கிறது. 49 காட்டினால் 10¹³. சாதாரண மல்டிமீட்டரை வைத்தீர்களானால் அதன் 10 மெகாஓம் உள்தடை ஆயிரத்திலொரு வினாடியில் ஏற்றத்தைக் குடித்துவிடும், 0 காட்டும், காவலியைத் தவறாகப் பழிப்பீர்கள்.

சோதனையை நண்பகலில் செய்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். விடியற்காலை 5.30க்குச் செய்யுங்கள். கைவிளக்கைக் காவலிக்குப் பக்கவாட்டில் பிடித்தால், கம்பியிலிருந்து தூணுக்கு ஓடும் ஒற்றைச் சிலந்தி நூல் பனித்துளி கோத்து மின்னும். பகலில் அது காய்ந்து, கண்ணுக்கும் தெரியாது, கடத்தவும் கடத்தாது. விடியலில் மட்டும் அளவை விழுத்தும். ‘தை மாதக் காலைகளில் மின்புலம் குறைகிறது’ என்று எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் இந்த நூலைத் தேடவேண்டும்.

படி 4: அளவுதிருத்தமும் வற்றிய குளமும்

நல்ல வானிலை நாளொன்றில், மில், கம்பி இரண்டிலும் கால் மணிச் சராசரிகள் குறைந்தது 30 எடுத்து வரைபிட்டு, நேர்கோட்டின் சரிவைக் காணுங்கள். மில்லின் அளவை அந்தச் சரிவால் திருத்துங்கள். அளக்கும்போது ஆட்கள் கம்பியிலிருந்து 10 மீற்றர் விலகி நிற்கவேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை திரும்பச் செய்யுங்கள். சரிவு 5 வீதத்துக்கு மேல் நகர்ந்தால் கருவியில் கோளாறு.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பக்கத்து மரம் வளர்ந்து மின்புலத்தை மறைத்தால், மில், கம்பி இரண்டையும் ஒரே அளவில் மறைக்கும். சரிவு அசையாது. நீங்களோ காற்று மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு வன்னி கொடுத்து வைத்தது. ஆவணி, புரட்டாதியில் வற்றிக் கிடக்கும் குளத்தின் படுகையைப்போலத் தட்டையான, மரமற்ற வெளியைக் காசு கொடுத்தும் வாங்கமுடியாது. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் ஒதுங்கிய பக்கம் மட்டுமல்ல, ஊர்க்குளமும் போதும். அணைக்கட்டிலிருந்தும் கரைமரங்களிலிருந்தும் 200 மீற்றர் உள்ளே, இன்னொரு இழுகம்பியைக் கட்டி, காலை 9.30 முதல் 11.30 வரை, காற்று மென்மையாயிருக்கும் நாலைந்து நாள் அளந்து, நிலையத்தின் அளவோடு விகிதம் எடுங்கள். ஆண்டுதோறும் அதே இடம், அதே மாதம். விகிதம் குறைந்துகொண்டே போனால் குற்றவாளி உங்கள் நிலையத்துச் சூழல். விகிதம் நிலைத்து, இரண்டும் சேர்ந்து குறைந்தால்தான் காற்றைப்பற்றிப் பேசத் தொடங்கலாம். மாடுகள் கம்பியில் உரசாமல் ஒருவர் நிற்கவேண்டும், அதுவும் 10 மீற்றருக்கு அப்பால்.

இது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. ஹங்கேரியின் நாஜிசெங்க் நிலையத்தில் 1962 முதல் எடுத்த நீண்ட தொடரில் தெரிந்த வீழ்ச்சி, உலக மாற்றமா, சுற்றி வளர்ந்த மரங்களின் மறைப்பா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள்.

படி 5: பதிவும் நேரமும்

வினாடிக்கொன்று அளந்து நிமிடச் சராசரியைச் சேமியுங்கள். 12 வோல்ற்று மின்கலமும் சூரியத் தகடும் போதும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் மட்டும் எழுதுங்கள். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் கூட. ஒப்பீட்டுக்கு வன்னியின் பழைய மழை, காற்றுக் குறிப்புகளை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: 1996 இலிருந்து 2006 ஏப்ரல் வரை நாட்டின் கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது, வன்னியின் பெரும்பகுதியோ பழைய நேரத்திலேயே ஓடியது. எந்த நேரத்தில் எழுதியது என்று தெரியாத குறிப்பை மணிவாரி ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். நாள் மொத்தத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இலக்கங்களோடு ஒரு கொப்பியும் வேண்டும். வைக்கல் எரித்த நாள், சேனைக்குக் காடு எரித்த நாள், சூடடிப்பு, வயலுக்கு நீர் விட்ட நாள், பக்கத்தில் புதுக்கட்டடம், மரம் வெட்டியது, மின்கம்பம் நட்டது என்று எல்லாம் தேதியோடு. ஐந்தாம் ஆண்டில் இந்தக் கொப்பிதான் கருவியைவிடப் பெறுமதியாகும். ஆண்டுக்கொருமுறை தூணடியில் நின்று எட்டுத் திசையிலும் படமெடுத்து, ஒவ்வொரு மரத்தின் உச்சிக்கும் ஏற்றக்கோணம் எழுதி வையுங்கள். 18 பாகைக்கு மேல் எது போனாலும் மூன்று மடங்கு விதி உடைந்துவிட்டது என்று பொருள்.

கவனம்: பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமுகில் கூடும். அளவு எந்தக் குறியிலும் 2,000 வோ/மீயைத் தாண்டினால் தூணடியில் யாரும் நிற்கக்கூடாது. 20 மீற்றர்க் கம்பியை அந்த மாதங்களில் மாலைவரை விட்டுவைக்காமல் இறக்கிவிடுங்கள்.

படி 6: நல்ல வானிலை மணிகளைப் பொறுக்குதல்

மழை, பனிப்புகார், தூசு எதுவும் இல்லை. 1,500 மீற்றருக்குக் கீழே பரந்த முகில் இல்லை. குவிமுகில் மிகக் குறைவு. காற்று வினாடிக்கு 1 முதல் 8 மீற்றர். இந்த நான்கும் கூடிய மணிகளை மட்டும் எடுங்கள். தென்மேல் காற்றான சோளகம் வீசும் ஆனி, ஆடியில் பகல் மணிகள் பெரும்பாலும் தூசினால் கழிந்துபோகும். செம்மண் பறக்கும்போது அளவு மறைக்குறிக்கும் போகலாம். அந்த மாதங்களில் இரவு மணிகளே கைகொடுக்கும். அதனால் ஆடிச் சராசரியைத் தைச் சராசரியோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். ஆடியை ஆடியோடு, அதிலும் அதே மணியை அதே மணியோடு ஒப்பிடுங்கள். சராசரிக்குப் பதில் இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, எடுங்கள். ஒரு புகைநாள் முழு மாதத்தையும் இழுக்காது.

பிறகு 24 மணிநேர வளைவை வரையுங்கள். கார்னகி என்ற ஆய்வுக் கப்பல் கடலில் அளந்த வளைவு இன்றும் உரைகல். உலகப் பொது நேரம் 3 மணியளவில் அது மிகத் தாழ்ந்தும் 19 மணியளவில் மிக உயர்ந்தும் நிற்கும். நமக்கு அது காலை 8.30, நள்ளிரவு தாண்டி 12.30. காலை 8.30க்கு உங்கள் வளைவு தாழாமல் திமிறி எழுந்தால், அடுப்புப் புகையும், இரவில் தரையோடு கிடந்த துணிக்கைகள் வெயிலேற மேலே கலப்பதும்தான் காரணம். அந்தக் காலை மேட்டின் உயரம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பதே ஊர்ப்புகைக்கு ஒரு நல்ல அளவுகோல்.

படி 7: விசாரணை

ஒவ்வொரு காரணமும் தரவில் தன் கைரேகையை விட்டுச் செல்லும்.

மரம், கட்டடம்: எல்லா மணிகளையும் ஒரே மடங்கில் குறைக்கும். இடிமுகில் வந்தபோது எழும் ஆயிரக்கணக்கான வோல்ற்றும் அதே மடங்கில் குறைந்திருக்கும். புகையால் இப்படிச் செய்யமுடியாது. குளத்து விகிதம் இதை உறுதிப்படுத்தும். தகட்டு அழுக்கோ பூச்சியத்தை நகர்த்தும், அதைச் சட்டிச் சோதனை காட்டும்.

புகை: அளவைக் கூட்டும், காலை மாலை மேடுகளை அகலமாக்கும். இலண்டனின் கியூ ஆய்வகத்து நீண்ட தொடரில் புகையின் சுவடு இவ்வளவு தெளிவானதால், பழைய மின்புல அளவுகளிலிருந்தே பழைய புகையைக் கணிக்கிறார்கள். வன்னிக்கு உள்ளூர்ப் புகை மட்டுமல்ல, வாடைக்காற்றோடு வங்காள விரிகுடா தாண்டி வரும் புகாரும் உண்டு. 1999 இல் நடந்த இந்து சமுத்திர ஆய்வுத் திட்டம் அந்தப் புகார்ப் படலத்தை விரிவாகப் பதிவு செய்தது. கடலிலேயே இதன் விளைவு தெரிந்திருக்கிறது: வட அத்திலாந்திக்குக் காற்றின் கடத்துதிறன் கார்னகி காலத்தைவிடக் குறைந்தது 20 வீதம் வீழ்ந்துவிட்டதாக 1970 இல் அறிவிக்கப்பட்டது, தென் பசிபிக்கில் மாற்றமில்லை. ஆகவே மார்கழி முதல் மாசி வரையான நாட்களைக் காற்றுத் திசைப்படி பிரித்துப் பாருங்கள். வைக்கல் எரிப்பா, வாடை கொண்டுவந்ததா என்று கொப்பி சொல்லும். மலிவான லேசர்த் தூசுமானியை நம்பி ‘தூசு கூடவில்லை’ என்று முடிவெடுக்கவேண்டாம். அது 0.3 மைக்ரோனுக்குக் குறைந்த துணிக்கைகளைக் காண்பதில்லை, புதுப்புகையில் எண்ணிக்கையில் மிகுந்தவையோ அவைதான்.

மண்: றேடனின் அரைவாழ்வு 3.8 நாள். நீர் நிறைந்த மண்ணிலிருந்து அது எளிதில் வெளியேறாது. முன்பு சிறுபோகத்தில் தரிசாய்க் கிடந்த வயலுக்கு இப்போது நீர் பாய்ந்தால் றேடன் குறையும், அயன் குறையும், மின்புலம் கூடும். கைரேகை காற்றோய்ந்த இரவுகளில்தான் தெளியும், நண்பகலில் தெரியாது. புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்ட பழைய நைஸ் பாறையின்மேல் வவுனியா இருக்கிறது. கிளிநொச்சியின் வடக்கே போனால் சுண்ணாம்புக்கல். ஒரே மழைக்கு இரண்டு மண்ணும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உயர் அழுத்த மின்கம்பி: வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ற்றுத் தொடர் 400 கிலோவோல்ற்று அளவுக்குக் கசியாது. ஆனாலும் பனி படிந்த, தூசேறிய கம்பி காற்றின் கீழ்ப்பக்கம் அயன்களை அனுப்பும். காற்றுத் திசையைப் பொறுத்து அளவு மாறினால் இதைச் சந்தேகியுங்கள்.

கதிரியக்கம்: அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்திலிருந்த 1960களின் தொடக்கத்தில் ஷெட்லன்ட் தீவின் லேர்விக் நிலையத்தில் அளவு இறங்கியது. 1963 இன் சோதனைத் தடை உடன்பாட்டுக்குப் பின் மீளத் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா விபத்தின்போது யப்பானின் ககியோகாவில் பத்திலொன்றுக்கு வீழ்ந்தது. இத்தகைய வீழ்ச்சி சட்டென்று வரும், மெல்லத்தான் மீளும்.

அண்டக் கதிர்: இதை வன்னியில் தேடுவது வீண்வேலை. புவிக்காந்தக் கவசம் உலகிலேயே வலுவாயிருக்கும் பகுதிகளில் நாமும் இருக்கிறோம். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் இங்கே அண்டக் கதிர் சில வீதமே ஆடும். 5 வீதம் என்றே வைத்தாலும், 10 அயன் சோடியில் 0.1 தான் மாறும். 77 வோ/மீயில் ஒரு வோல்ற்றும் தேறாது. புல் வளர்ந்தாலே அதைவிடக் கூட மாறும்.

உலக மின்சுற்று: இத்தனையையும் கழித்தபின் எஞ்சுவதைத்தான் இதன் கணக்கில் எழுதலாம். உலகப் பொது நேரம் 19 மணியை ஒட்டிய மூன்று மணிநேரத்தை மட்டும் எடுத்து ஆண்டுத் தொடராக்குங்கள். அதே போக்கு வேறு நாட்டு நிலையங்களிலும் தெரியவேண்டும். நமக்கு அருகே, திருநெல்வேலிக் கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவன ஆய்வகம் மின்புலத்தையும் இறங்கும் ஓட்டத்தையும் அளந்து வந்திருக்கிறது. ஒப்பிட ஏற்றது. தரவுகளைப் பரிமாறும்போது குறியைத் தெளிவாக எழுதுங்கள்: அழுத்தப் படித்திறன் நல்ல வானிலையில் நேர்க்குறி, அதையே இயற்பியலின் கண்டிப்பான பொருளில் மின்புலம் என்று எழுதினால் மறைக்குறி. இரண்டையும் கலந்து ஒட்டிய தொடரில், இல்லாத ஒரு பெரும் மாற்றம் ஒரே நாளில் முளைத்திருக்கும்.